குடலில் வரும் ரத்தக்குழாய்ப் புற்றுநோய்: டெல்டா குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பயாப்ஸி லேபில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை. சதைத் துண்டை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, டாக்டர் பார்க்க ஸ்லைடு தயாரித்துக் கொடுக்கும் டெக்னீஷியன். திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் இருந்த என் அத்தைக்கு இந்த நோய் வந்தது. பெயர் தெரியவே ஏழு மாதம் ஆனது. அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், ஊர்க்காரர்கள், லேப் வாசலில் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பவர்கள் என்று பலர் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். மருந்து, ஆபரேஷன் பற்றிய முடிவெல்லாம் உங்கள் டாக்டரிடம்தான். நோயைக் கண்டுபிடிக்கும் வழியில் எங்கெங்கே தாமதமாகிறது, அங்கே குடும்பத்தார் என்ன கேட்கலாம் என்பதுதான் எனக்குத் தெரிந்த விஷயம்.

இது என்ன நோய்? வயிற்றுப் புற்றுநோய் மாதிரியா?

இல்லை. ஆஞ்சியோசார்கோமா என்று இதற்குப் பெயர். வழக்கமான குடல் புற்றுநோய், குடலின் உள்தோலில் இருக்கிற சுரப்பிச் செல்களில் தொடங்கும். இது ரத்தக்குழாயின் உட்சுவரை மூடியிருக்கும் செல்களில் தொடங்குகிறது. ரத்தக்குழாய் இல்லாத இடம் உடம்பில் ஏது? அதனால் எங்கே வேண்டுமானாலும் வரலாம். அதிகம் வருவது வயதானவர்களின் தலைத்தோலிலும் முகத்திலும். மார்பகம், கல்லீரல், மண்ணீரல், இதயம் ஆகியவற்றிலும் வரும். சதை, கொழுப்பு, நரம்பு போன்ற மென்திசுக்களில் தோன்றும் சார்கோமா வகையே அரிது. அதிலும் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் ஆஞ்சியோசார்கோமா. குடலில் வருவது அதைவிட அரிது. வந்தால் பெரும்பாலும் சிறுகுடலில். ஒரு குடல் டாக்டர் தன் வாழ்நாளில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். எங்கள் லேபில் நான் கண்டதை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

முதலில் என்ன தெரியும்?

கட்டியாகக் கைக்குத் தட்டுப்படுவது குறைவு. உள்ளே ரத்தம் கசியும். மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக, ஒரு தனி நாற்றத்தோடு போகும். சில பேருக்கு அதுகூடத் தெரியாது. ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, களைப்பும் மூச்சிரைப்பும்தான் வரும். வயிற்றுவலி, எடை குறைவது, சில சமயம் குடல் அடைப்பு.

அத்தைக்கு முதலில் வந்தது அலுப்பு. சம்பா நடவு நேரம். "ஒண்ணும் இல்லடா, குனிஞ்சு நட்ட அலுப்பு" என்றார். நான் ஊருக்குப் போயிருந்த அன்றைக்குத் திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பொறுக்கப் பொறுக்க ஒரு சிட்டிகை அரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தார். அது அவருக்குப் பழக்கமே இல்லை. இரும்புச்சத்து குறைந்தவர்களுக்குப் பச்சை அரிசி, சாம்பல், மண், ஐஸ் கட்டி என்று தின்னத் தோன்றும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. மறுநாள் பார்த்த ஹீமோகுளோபின் 5.8. பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் சோகை, ஆண்களுக்கு 13.

ரத்தம் குறைவு என்றாலே இப்படிப் பயப்பட வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். நம் பக்கத்தில் ரத்தம் குறைய ஆயிரம் சாதாரணக் காரணம் இருக்கிறது. வெறுங்காலோடு வயலில் இறங்குபவர்களுக்குக் கொக்கிப்புழு. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரையால் வயிற்றுப்புண். மாதவிலக்கில் அதிகப் போக்கு, மூலம், குடியால் கெட்ட கல்லீரல், குடல் காசநோய். டாக்டர் முதலில் இவற்றைத்தான் தேடுவார். தேடத்தான் வேண்டும். முதல் நாளே யாரும் ஆஞ்சியோசார்கோமாவை நினைக்க மாட்டார்கள், அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு கோடு இருக்கிறது. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ, எந்த வயது ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் சோகை வந்தால், மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவதோடு முடியக் கூடாது. ரத்தம் எங்கே போகிறது என்று வயிற்றையும் பெருங்குடலையும் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். ரத்தம் ஏற்றி, இரும்பு மாத்திரை கொடுத்து, இரண்டு மாதத்தில் மறுபடி இறங்கிவிட்டது என்றால் அது எங்கோ ஓட்டை இருப்பதற்கு அடையாளம். அத்தைக்கு மூன்று தடவை ரத்தம் ஏற்றியாகிவிட்டது, அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்வியை நாங்கள் கேட்டோம். லேபில் வேலை பார்க்கும் நானே கேட்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்று: இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். "மாத்திரையால்தான்" என்று நாமாக முடிவு கட்டிவிடுவதில் நாள் போய்விடும். தார் மாதிரி ஒட்டினால், தலைசுற்றல் சேர்ந்து வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மேலே கீழே இரண்டு பக்கமும் கேமரா விட்டுப் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் இல்லை என்கிறார்கள். அப்புறம்?

நடுவில் சிறுகுடல் இருக்கிறது. சுமார் 6 மீட்டர் நீளம். வாய் வழியாக விடும் எண்டோஸ்கோபி அதன் தொடக்கத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். ஆசனவாய் வழியாக விடும் கொலனோஸ்கோபி கடைசியில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். நடுவில் உள்ள அத்தனையும் இருட்டு. "ஒன்றும் இல்லை" என்ற வார்த்தைக்கு, பார்த்த இடத்தில் ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம்.

அதைப் பார்க்க கேப்ஸ்யூல் எண்டோஸ்கோபி இருக்கிறது. பெரிய மாத்திரை அளவில், சுமார் 26 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கேமரா. விழுங்கினால் குடலுக்குள் நகர்ந்துகொண்டே ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, இடுப்பில் கட்டியிருக்கும் கருவிக்கு அனுப்பும். வலி கிடையாது. அடைப்புக்கு அறிகுறி இருந்தால், அதாவது சாப்பிட்டதும் வயிறு உப்பி முறுக்கி வலித்தால், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கேப்ஸ்யூல் குறுகிய இடத்தில் மாட்டிக்கொள்ளும். அது வெளியே வந்துவிட்டது என்று தெரியும்வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கக் கூடாது.

கேப்ஸ்யூல் படம்தான் எடுக்கும், சதை எடுக்காது. அதில் ஏதாவது தெரிந்தால், பலூனை ஊதி ஊதிக் குடலை மடித்துக்கொண்டே உள்ளே போகும் நீளமான எண்டோஸ்கோபி தேவைப்படும். அதில்தான் பயாப்ஸி எடுக்கலாம். இது எல்லா ஊரிலும் கிடையாது.

நேரமும் முக்கியம். கறுப்பு மலம் நின்று மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு குறைகிறது. ரத்தம் போகும்போதோ, போன இரண்டு மூன்று நாளுக்குள்ளோ பார்த்தால் கூடுகிறது. "நின்னுடுச்சு, அறுப்பு முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று தள்ளிப்போடுவது நம் ஊரில் சகஜம். தயவுசெய்து தள்ளாதீர்கள்.

சிடி ஸ்கேனில் தெரிந்துவிடாதா?

பெரிய கட்டியாக இருந்தால் தெரியும். ரத்தம் வேகமாக ஒழுகும் நேரத்தில் ஆஞ்சியோகிராம் முறையில் எடுத்தால், ஒழுகும் இடமே தெரியலாம். ஆனால் இந்த நோய் பல சமயம் குடல் சுவரில் சின்னச் சின்ன முடிச்சுகளாக, ஒரே நேரத்தில் பல இடத்தில் இருக்கும். அவை ஸ்கேனில் தப்பிவிடும். ஸ்கேன் இடத்தைக் காட்டும், பரவலைக் காட்டும். பெயரைச் சொல்லாது.

கேமராவில் பார்த்தாலே டாக்டருக்குத் தெரியாதா? பயாப்ஸி ஏன் இரண்டு மூன்று தடவை?

கேமராவில் கருஞ்சிவப்பாக, நாவல்பழ நிறத்தில், தொட்டால் ரத்தம் கசியும் மேடுகளாகத் தெரியும். அதே மாதிரி தோன்றும் வேறு விஷயங்களும் இருக்கின்றன: வயதானவர்களுக்குக் குடலில் வரும் சாதாரண ரத்தக்குழாய்ப் புடைப்பு, ரத்தக்குழாய்ச் செல் சம்பந்தப்பட்ட இன்னொரு புற்றுநோயான கபோசி சார்கோமா, தோலின் நிறச் செல்களில் தொடங்கிக் குடலுக்குப் பரவிய மெலனோமா என்ற புற்றுநோய். கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாது.

பயாப்ஸி இடுக்கி எடுப்பது அரிசி மணி அளவுத் துண்டு. நோய் உள்தோலுக்கு அடியில் இருந்தால் துண்டில் மேல்தோல் மட்டும் வரும். அல்லது உறைந்த ரத்தமும் செத்த சதையும் மட்டும் வரும். அப்போது ரிப்போர்ட்டில் "புற்றுநோய் தெரியவில்லை" என்றோ "போதுமான சதை இல்லை" என்றோ இருக்கும். இரண்டும் "நோய் இல்லை" என்று அர்த்தமாகாது. ரத்தம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால், மறுபடி எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை. சில பேருக்கு அடைப்புக்கோ நிற்காத ரத்தப்போக்குக்கோ அவசர ஆபரேஷன் செய்து, வெட்டி எடுத்த குடல் எங்களிடம் வந்த பிறகுதான் தெரிய வருகிறது.

லேபில் என்னதான் செய்கிறீர்கள்? ஏன் இத்தனை நாள்?

துண்டு ஃபார்மலினில் ஊறி வரும். அதன் நீரை எடுத்து, உருக்கிய மெழுகில் பதிப்போம். ஆறினால் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மெழுகுக் கட்டி. அதைத்தான் பிளாக் என்கிறோம். அதை, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் மூன்று நான்கு பங்கு கனத்துக்குச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி எடுப்போம். முதலில் ஊதாவும் இளஞ்சிவப்பும் சேர்ந்த வழக்கமான சாயம். இதுவரைக்கும் சுமார் மூன்று நான்கு நாள்.

ஒழுங்கான ரத்தக்குழாய் மைக்ரோஸ்கோப்பில் நம் பாசன வாய்க்கால் மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் கரை, கரையில் தட்டையாக ஒரே வரிசைச் செல்கள், நடுவில் ரத்தம். இந்த நோயில் கரையே இல்லாமல், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு, திசை தெரியாமல் ஓடும் வாய்க்கால்கள். ஓரத்துச் செல்கள் தடித்துக் கறுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். வெள்ளத்தில் வரப்பெல்லாம் உடைந்த வயலை மேட்டிலிருந்து பார்ப்பது போல இருக்கும்.

எல்லாத் துண்டும் அப்படித் தெளிவாகக் காட்டிவிட்டால் கஷ்டமே இல்லை. குடலில் வரும் வகையில் பல சமயம் வாய்க்காலே தெரியாது. செல்கள் பெரிது பெரிதாக, கூட்டமாக, அச்சு அசலாக வழக்கமான குடல் புற்றுநோய் மாதிரியே உட்கார்ந்திருக்கும். அப்போதுதான் மார்க்கர் டெஸ்ட், அதாவது ஐ.எச்.சி. அதே பிளாக்கிலிருந்து புதிதாகச் சீவி, குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் மருந்தைப் போடுவோம். ஒட்டிய இடம் பழுப்பாகும். ரத்தக்குழாய்ச் செல் என்று சொல்ல முக்கியமானவை சிடி31, ஈஆர்ஜி. இவை இரண்டும் பழுப்பானால் டாக்டர் ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிடுவார். சிடி34 உதவும், ஆனால் ஜிஸ்ட் என்ற இன்னொரு குடல் கட்டியிலும் அது பழுப்பாகும். அதை மட்டும் நம்ப முடியாது. இதற்கு மேலும் ஒரு வாரம் ஆகலாம்.

இந்த "சிடி31" என்பது செல்லில் இருக்கும் ஒரு புரதத்தின் பெயர். "சிடி ஸ்கேன் எடுத்தாச்சே, மறுபடி எதுக்கு சிடி?" என்று கேட்டு, பணம் கட்டாமலே திரும்பிப் போன குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். ஸ்கேனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முதல் ரிப்போர்ட்டில் வேறு புற்றுநோய் என்று எழுதியிருந்தது. அது எப்படி மாறும்?

அத்தைக்கு இதுதான் நடந்தது. வேறு ஒரு லேபின் ரிப்போர்ட். "வகை பிரித்துச் சொல்ல முடியாத கார்சினோமா" என்று இருந்தது. கார்சினோமா என்றால் உள்தோல், சுரப்பிச் செல்களில் தொடங்கும் வழக்கமான புற்றுநோய். அவர்கள் கெரட்டின் என்ற மார்க்கரை மட்டும் போட்டிருந்தார்கள். கெரட்டின் பழுப்பானால் பொதுவாக கார்சினோமா என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இந்த வகை ஆஞ்சியோசார்கோமாவிலும் கெரட்டின் பழுப்பாகும். அதுதான் இதில் உள்ள பெரிய பொறி.

ரிப்போர்ட்டை நான் எங்கள் லேப் டாக்டரிடம் காட்டினேன். அவர் இரண்டு வரி படித்துவிட்டு, "இவ்வளவு ரத்தம் கொட்டியிருக்கு, பல இடத்துல மேடு இருக்குன்னு எண்டோஸ்கோபியில எழுதியிருக்கு. இது பொருந்தலையே. பிளாக்கை வாங்கிட்டு வா" என்றார். வாங்கி வந்தேன். சிடி31 நானே போட்டேன். மூடிக் கண்ணாடியை வைப்பதற்கு முன்னாலேயே வெறும் கண்ணுக்குத் துண்டு முழுக்கப் பழுப்பாகத் தெரிந்தது. வழக்கமாக அங்கங்கே நூலிழை மாதிரி சாதாரண ரத்தக்குழாய்கள் மட்டும்தான் பழுப்பாகும். அந்த ஸ்லைடை டாக்டர் மேசையில் வைக்கப் போகும்போது என் கை நடுங்கியது.

முதல் லேபின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அரிதான நோய், சின்னத் துண்டு. ஆனால் பெயர் மாறினால் கீமோ மருந்தும் மாறும், அதனால் இரண்டாவது கண் தேவை. ரிப்போர்ட்டில் வகை தெளிவாக இல்லை என்றாலோ, நோயின் போக்கோடு பொருந்தவில்லை என்றாலோ, டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "ஸ்லைடையும் பிளாக்கையும் வேறொரு பெரிய லேபில் ஒரு தடவை காட்டலாமா? ரத்தக்குழாய் மார்க்கர் போட்டுப் பார்த்திருக்கிறார்களா?" நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எச்.ஐ.வி. டெஸ்ட் எதற்கு? எங்கள் அம்மாவைச் சந்தேகப்படுகிறார்களா?

சந்தேகம் இல்லை. கபோசி சார்கோமாவும் ரத்தக்குழாய்ச் செல் சம்பந்தப்பட்டதுதான், அது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதிகம் வரும், வைத்தியம் வேறு. அதை விலக்க ரத்தத்தில் ஒரு டெஸ்ட், பிளாக்கில் எச்.எச்.வி.8 என்ற வைரஸுக்கு ஒரு மார்க்கர். அவ்வளவுதான்.

தலைமுடியை விலக்கிப் பார்த்தார்கள், மார்பைப் பார்த்தார்கள். வயிற்று நோய்க்கு இது எதற்கு?

குடலில் இருப்பது அங்கேயே தொடங்கியதா, வேறு இடத்திலிருந்து வந்ததா என்று தெரிய வேண்டும். அத்தையின் கொண்டையை அவிழ்க்கச் சொல்லி, மல்லிகைச் சரத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அந்த டாக்டரம்மா வகிடு வகிடாக விலக்கி உச்சந்தலை முழுக்கப் பார்த்தார். அத்தை "பேன் பாக்கறீங்களா அம்மா?" என்று கேட்டார். தலைத்தோலில் ஆறாத கருநீலக் கன்றல் மாதிரி ஏதாவது இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். நெஞ்சு, வயிறு, இடுப்பு ஸ்கேனும் சில சமயம் உடம்பு முழுக்கப் பார்க்கும் பெட் சிடி ஸ்கேனும் எடுப்பது இதற்காகத்தான்.

எதனால் வருகிறது? பூச்சிமருந்தாலா? தண்ணீராலா?

பெரும்பாலானவர்களுக்குக் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. உறுதியாகத் தெரிந்த சில தொடர்புகள் உண்டு. முன்பு கதிர்வீச்சு வைத்தியம் எடுத்துக்கொண்ட இடத்தில் பல வருடம் கழித்து வரலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு "கரண்ட் வைத்தியம்" செய்துகொண்ட பெண்கள் நம் பக்கத்தில் நிறைய. அவர்களுக்கு மலத்தில் ரத்தம் வந்தால் பெரும்பாலும் கதிர்வீச்சால் குடல் புண்ணாகியிருப்பதுதான் காரணமாக இருக்கும். ஆனாலும் அந்தப் பழைய வைத்தியத்தைக் குடல் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், பழைய சீட்டு இருந்தால் காட்டுங்கள். கல்லீரலில் வரும் வகைக்கு வினைல் குளோரைடு வாயு ஒரு காரணம் என்பது 1974-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்துப் பிளாஸ்டிக் ஆலைத் தொழிலாளர்களிடம் தெரிய வந்தது. ஆர்சனிக் கலந்த பழைய பூச்சிமருந்துகளுக்கும் கல்லீரல் வகையோடு தொடர்பு உண்டு. நம் வயலில் இப்போது அடிக்கும் மருந்தால் குடலில் இது வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

கும்பகோணத்துக்காரர்கள் யானைக்கால் பற்றிக் கேட்பார்கள். பல வருடம் நிணநீர் தேங்கி வீங்கிய கை கால்களில், அந்தத் தோலில், மிக அபூர்வமாக ஆஞ்சியோசார்கோமா வருவது உண்டு. குடலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வீங்கிய காலில் ஊதா நிற முடிச்சு புதிதாக வந்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்கிறார்களே?

பயாப்ஸியால் பரவுகிறது என்று பயந்து எடுக்காமல் விட்டால், என்ன நோய் என்றே தெரியாமல் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். இந்த நோய் பெரும்பாலும் ரத்தத்தின் வழியே தானாகவே பரவும் குணம் கொண்டது. பயாப்ஸி எடுத்த இடத்தில் ரத்தம் கசியலாம், அதுதான் உண்மையான கவலை. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி ஏதாவது சாப்பிடுகிறவர் என்றால் முன்னாலேயே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

எங்கே போவது? செலவு?

முதல் கட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தொடங்கலாம். அரிதான பயாப்ஸிக்கு புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., 1954-இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் மாதிரியான இடங்களில் காட்டுவது நல்லது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. எந்த டெஸ்ட் அதில் வரும், எது கையிலிருந்து என்று அட்மிஷன் போடும் முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள்.

குணமாகுமா? அவரிடம் சொல்லலாமா?

கடுமையான நோய். மறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே இடத்தில் இருந்து முழுக்க வெட்டி எடுக்க முடிந்தால் நல்லது. பல பேருக்குக் கண்டுபிடிக்கும்போதே பரவியிருக்கிறது. பேக்ளிடாக்ஸெல் போன்ற கீமோ மருந்துகள் கொஞ்ச காலம் அடக்கி வைக்கும். அத்தை ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார்.

எங்கள் வீட்டில் முதலில் "வயித்துப்புண்"ணு சொல்லி வைத்தோம். கீமோவுக்கு முடி கொட்டத் தொடங்கியதும் அவரே கேட்டார். மாமா வெளியே எழுந்து போய்விட்டார், நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்ப அந்தக் கொல்லை நிலத்தை இப்பவே எழுதி வெச்சுடலாம்" என்றார். அவருக்கு முடிக்க வேண்டிய வேலைகள் இருந்தன. என்னிடம் யோசனை கேட்டால், நோயாளியிடம் சொல்லிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

பிளாக்கை எப்படி வாங்கி, எப்படிக் கொண்டுபோவது?

லேபில் நோயாளியின் பெயரில் ஒரு கடிதம் கொடுத்தால் தருவார்கள், கையெழுத்து வாங்குவார்கள். ஸ்லைடு, பிளாக், ரிப்போர்ட் நகல் மூன்றும் வேண்டும். பிளாக்கின் ஓரத்தில் இருக்கும் எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று அங்கேயே, கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் சேர்த்து எடுத்துப் போங்கள். என்ன நடந்தது என்று தெரியாமல் வெறும் ஸ்லைடை மட்டும் பார்க்கும் டாக்டருக்குப் பாதிதான் தெரியும்.

அது மெழுகு என்பதை மறக்காதீர்கள். சித்திரை வெயிலில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தால் இளகிவிடும். ஸ்லைடு கண்ணாடி, சட்டைப் பையில் வைத்து பஸ்ஸில் நசுங்கி உடைந்து வந்திருக்கிறது. சின்ன டிபன் டப்பாவில் பஞ்சு வைத்து, இரண்டையும் தனித்தனியாகச் சுற்றி வைத்து, பையில் போட்டு மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பார்த்து முடிந்ததும் மீதி பிளாக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள். பின்னால் மறுபடி தேவைப்படும்.